பிரம்பு போனது எந்த வருஷம்?

பெரம்பூர்வாசி: நேற்று இங்கே ஒருவர், "பள்ளியில் பிரம்பை எடுத்தார்கள், தெருவில் செல்போன் பறிப்பு வந்தது" என்று எழுதியிருந்தார். ஐயா, தமிழ்நாட்டில் கல்வி விதி 51-ஐத் திருத்தி அடிக்கத் தடை போட்டது 2003-ல். அதற்கு முன்னால் நம் ஊரில் சங்கிலியே அறுக்கவில்லையா?

ரிட்டயர்டு வாத்தியார்: அந்த ஒருவர் நான்தான். பெயரைச் சொல்லியே திட்டலாம். 31 வருஷம் கணக்கு நடத்தியவன் சொல்கிறேன், பிரம்பு போனது 2010 ஏப்ரலில், கல்வி உரிமைச் சட்டம் வந்தபோது. 2003 வெறும் காகிதம். 2007-ல் கூட என் மேஜை டிராயரில் பிரம்பு இருந்தது. நுனி பிளக்காமலிருக்க கறுப்பு டேப் சுற்றியிருப்பேன்.

பெரம்பூர்வாசி: விதியை மீறி அடித்தேன் என்று நீங்களே எழுதிக் கொடுத்துவிட்டீர்கள். ரொம்ப நன்றி.

ரிட்டயர்டு வாத்தியார்: அடித்தேன் என்றா எழுதினேன்? இருந்தது என்றேன். தமிழ் படிக்கத் தெரியாதவரோடு என்ன விவாதம்! 2010.

ஓட்டேரி அக்கா: வருஷத்தை விடுங்கள். என் பையனோடு படித்தவனை ஒன்பதாம் வகுப்பில் டி.சி. கொடுத்து அனுப்பினார்கள். ரிசல்ட் கெட்டுவிடுமாம். ஒரு அடி விழவில்லை, கவரில் போட்டு மரியாதையாகக் கொடுத்தார்கள். மறு வாரமே டீக்கடையில் கிளாஸ் கழுவினான். அப்புறம் வண்டியில் பின்னால் உட்கார்ந்து வர ஆள் கூப்பிட்டார்கள், போனான். அப்புறம் குற்றத்தில் சிக்கிய சிறுவர்களை வைக்கும் கெல்லீஸ் கூர்நோக்கு இல்லம். வெளியே போ என்று சொன்ன பள்ளிக்கு இதில் பங்கே இல்லையா?

ரிட்டயர்டு வாத்தியார்: பார்த்தீர்களா! நாலு அடி போட்டு உள்ளேயே வைத்திருந்தால் அவன் கெல்லீஸ் போயிருப்பானா? அடிக்கக் கூடாது என்றதால்தான் டி.சி. எல்லாம் 2010-க்கு அப்புறம்.

ஓட்டேரி அக்கா: அவனுக்கு டி.சி. கொடுத்தது 2006-ல் சார்.

பெரம்பூர்வாசி: 2003-க்கு அப்புறம்தானே! சரியாகத்தான் இருக்கிறது.

ஓட்டேரி அக்கா: நீங்கள் யார் பக்கம் பேசுகிறீர்கள்?

மயிலைக் காகம்: பஸ் ரூட்டுக்கு ஒரு மாணவர் தலைவன், ரூட்டு தல என்று பஸ் கூரையில் ஏறிக் கத்தியைத் தேய்க்கிறார்களே, அதுவும் கணக்கில் வருமா? எங்கள் பக்கம் இதெல்லாம் கிடையாது.

பெரம்பூர்வாசி: வந்துவிட்டார் தெற்கிலிருந்து. ரூட்டு தல காலேஜ் சமாச்சாரம், காகமே. போன மாதம் வடசென்னை பிரியாணியைப் பழித்தவர்தானே நீங்கள்?

மயிலைக் காகம்: பழிக்கவில்லை. உப்புக் கரித்தது என்றேன்.

ரிட்டயர்டு வாத்தியார்: பிரியாணிக்கு ஓடியதிலேயே தெரிகிறது, சரக்கு தீர்ந்துவிட்டது. என்னிடம் அடி வாங்கியவன் ஒருவன் இன்று போலீஸில் எஸ்.ஐ. பார்த்தால் இன்னும் எழுந்து நிற்பான்.

ஓட்டேரி அக்கா: நின்றுபோனவன் எத்தனை பேர் சார்? வருகைப் பதிவில் பெயரைச் சிவப்பு மையில் அடித்தீர்களே, அவர்கள் எங்கே என்று தெரியுமா?

ரிட்டயர்டு வாத்தியார்: பேச்சை மாற்றாதீர்கள் அம்மா. பெரம்பூர்வாசி, 2010. ஒப்புக்கொள்கிறீர்களா இல்லையா?

பெரம்பூர்வாசி: 2003.