செய்மதிக்கு உள்வற்றுப்பெருக்கு தெரியுமா, தெரியாதா?

கோணமலையான்: நேற்று மூதூரான் எழுதியதைப் பார்த்து எரிச்சல்தான் வந்தது. 10 நாளுக்கு ஒருமுறை வரும் செய்மதி 12 மணி நேரத்து அலையைக் கண்டதாம், சுத்தப் புளுகு என்கிறார். 1992இல் ஏவிய, கடல்மட்டத்தை அளந்த ரோப்பெக்ஸ்/பொசைடன் செய்மதியின் தரவில் ஹவாயின் கடலடி மலைத்தொடரிலிருந்து கிளம்பும் உள்வற்றுப்பெருக்கை, அதாவது கடலுக்குள் நீரடுக்குகளுக்கிடையே ஓடும் வற்றுப்பெருக்கு அலையை, 1996இலேயே காட்டிவிட்டார்கள். ஆழத்தில் நீரடுக்கு பல பத்து மீற்றர் ஏறி இறங்கும்போது மேற்பரப்பு சில சென்றிமீற்றர்தான் அசையும், அதைத்தான் அளக்கிறார்கள்.

மூதூரான்: கதையை மாற்றாதீங்கோ அண்ணை. 10 நாளுக்கு ஒருக்கா. இடையில் அலை 19 தரம் வந்துபோய்விடும். பார்க்காததை எப்படி அளந்தது?

கோணமலையான்: 19 இல்லை தம்பி, 19.16. அந்த 0.16தான் விஷயமே. செய்மதி திரும்பி வரும் ஒவ்வொரு தடவையும் அலை கொஞ்சம் தள்ளிய கட்டத்தில் நிற்கும், அதனால் 12.42 மணி நேர அலை தரவில் 62 நாளுக்கு ஒருமுறை ஏறி இறங்கும் அலைபோல விழும். சந்திரன் நேரம் தவறாது, பல வருடத் தரவைச் சேர்த்தால் உயரம் வந்துவிடும். சுனாமி விவாதத்திலும் நீர் இப்படித்தான் கணக்குப் பார்க்காமல் சண்டைக்கு வந்தீர்.

மூதூரான்: அதில் என் பதிவை நீக்கச் சொன்னது நீங்கள்தான், மறக்கவில்லை. 10 நாள் என்றால் 10 நாள்தான்.

நிலாவெளி: சந்திரனோடு ஒத்துவரும் பங்கு மட்டும்தான் அந்தக் கணக்கில் மிஞ்சும். வங்காள விரிகுடாவில் ஆற்றுநீர் மேலே படிந்து பருவத்துக்குப் பருவம் அடுக்கு மாறுகிறது, சுழிகளும் அலையைத் திருப்பிவிடும். அப்படி அலைந்துபோகும் பங்கு சராசரியில் கரைந்துவிடும்.

மூதூரான்: பார்த்தீங்களா! நான் சொன்னதுதானே!

கோணமலையான்: அவர் சொன்னது வேறு, நீர் சொல்வது வேறு. அந்தமான் பக்கம் பிறக்கும் உள்அலை 1,300 கிலோமீற்றர் வரை கடந்து ஒரு வாரமளவில் எங்கள் திருகோணமலைத் துறைமுகத் தண்ணீரையே ஊசலாட வைக்கிறது, கரையில் கடல்மட்டத்தை அளக்கும் அலைமானியில் பதிவாகி 2010இல் ஆய்வாகவும் வந்துவிட்டது.

கரைவலை: அலைமானி கரையில் இருக்கிறது, செய்மதி வானத்தில். அதை ஏன் இதற்குள் கொண்டுவருகிறீர்கள்? கடலில் வலை போடுகிறவனை ஒருவரும் கேட்பதில்லை.

கோணமலையான்: அலை இல்லையென்று சொல்கிறவருக்காகத்தான். 2022 டிசம்பரில் ஏவிய ஸ்வொட் என்ற புதிய செய்மதி 120 கிலோமீற்றர் அகலத்தையே ஒரேயடியாக அளக்கிறது. அது கீழே ஒற்றைக்கோடு மட்டும் பார்ப்பதில்லை.

மூதூரான்: அது எத்தனை நாளுக்கு ஒருக்கா வரும்?

கோணமலையான்: 21.

மூதூரான்: 21! 10ஐவிட மோசம்!

கோணமலையான்: 0.16ஐ முதலில் வாசியும். பதில் மேலேயே இருக்கிறது.

கரைவலை: அந்தப் பதிவை நீக்கச் சொன்னது உண்மையா அண்ணை?