முயலின் முதுகில் செதில் உதிர்வது நிற்கவில்லை

எங்கள் வீட்டில், மதுரையில், இரண்டு வயதுப் பெண் முயல் ஒன்று வளர்கிறது. சோவியத் சின்சில்லா இனம், எடை 4 கிலோ. ஆறு வாரங்களாக அதன் பிடரியிலும் தோள்களுக்கு நடுவிலும் வெள்ளைச் செதில்கள் உதிர்கின்றன. அவ்விடத்து முடியை மெல்ல இழுத்தாலே, வேரில் செதில் ஒட்டியபடி கொத்தாகக் கையோடு வருகிறது. காதுகள் சுத்தமாக உள்ளன, புல்லும் நன்றாகத் தின்கிறது. கறுப்புத் தாளில் செதிலைத் தட்டிப் பார்த்தபோது ஓரிரு துகள்கள் நகர்ந்தன. முயலைத் தூக்கும் என் முன்கையிலும் சிவந்த தடிப்புகள் வந்ததால் உண்ணிப்பூச்சி என்றே எண்ணினேன்.

கால்நடை மருத்துவர் 14 நாள் இடைவெளியில் இருமுறை, உண்ணியைக் கொல்லும் ஐவர்மெக்டின் ஊசி போட்டார். என் கைத் தடிப்பு மறைந்தது, முயலின் செதிலும் குறைந்தது. ஆனால் பத்தே நாளில் செதில் மட்டும் திரும்பிவிட்டது. கூண்டை வெந்நீரால் கழுவி, வைக்கோலை மாற்றி, நாள்தோறும் சீவுகிறேன். பிப்ரோனில் என்ற பூச்சிக்கொல்லி கலந்த நாய்ச் சொட்டுமருந்தைக் கடைக்காரர் நீட்டினார். முயலுக்கு அது உயிராபத்து என்பதால் வாங்கவில்லை. குளிப்பாட்டினால் முயல் மிரண்டு குளிரில் வாடும் என்பதால் அதையும் தவிர்த்தேன். இப்போது அந்த இடத்தில் இளஞ்சிவப்புத் தோல் வட்டமாகத் தெரிகிறது. அதைப் பார்க்கவே மனம் பொறுக்கவில்லை.

இந்நிலையில் மூன்றாவது ஊசி போடச் சொல்வதா, அல்லது முதலில் தோலைச் சுரண்டிப் பூஞ்சைச் சோதனை செய்யக் கேட்பதா?