குற்றவியல் ஆய்வாளரின் மேற்கோள் கணக்கு: ஸ்கொலரில் 386, ஸ்கோபஸில் 103. எதைப் போடுறது?

பரமேஸ்வராச் சந்தி:
வணக்கம். குற்றவியல் படிப்பிக்கிற விரிவுரையாளர் ஒருவரின் வெளியீட்டு விபரத்தை ஒரு பக்கத்துக்குள் எழுத வேணும். பதவியுயர்வுக் கோவையோடு போகும். கூகிள் ஸ்கொலரில் (கூகிளின் ஆய்வுக்கட்டுரைத் தேடுபொறி) 31 வெளியீடு, 386 மேற்கோள், எச்-சுட்டெண் 9, அதாவது 9 வெளியீட்டுக்குக் குறைந்தது 9 மேற்கோளாவது உண்டு. ஸ்கோபஸ் என்ற ஆய்விதழ்த் தரவுத்தளத்தில் 8 கட்டுரைதான், 103 மேற்கோள், எச் 5. கட்டுரை வாரியாக 41, 22, 15, 9, 7, 5, 3, 1. இவ்வளவு தூரம் ஏன்? எதை எழுதினால் சரி?

நூலக மேசை:
இரண்டையும் எழுதுங்கோ. ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் எந்தத் தளம், எந்தத் திகதியில் எடுத்தது என்று போடுங்கோ. திகதி இல்லாத எண்ணை அடுத்த மாதம் ஒருவரும் சரிபார்க்க முடியாது.

ஸ்கொலர் ஆய்வேடு, மாநாட்டுத் தாள், அறிக்கை, நூல் எல்லாவற்றையும் அள்ளும். ஸ்கோபஸ் தான் தெரிந்தெடுத்த ஆய்விதழ்களையும் நூல்களையும் மாநாட்டுத் தொகுப்புகளையும் மட்டும் எண்ணும். தூரத்தில் பெரும்பங்கு அதனால்தான். ஆனால் எண்ணை நம்ப முதல் பேரைப் பாருங்கோ. எங்கட ஆக்களுக்குக் குடும்பப்பேர் இல்லை. தகப்பன் பேரின் முதலெழுத்து ஒரு கட்டுரையில் முன்னுக்கு நிற்கும், இன்னொன்றில் பின்னுக்குப் போகும், மூன்றாவதில் தகப்பன் பேரே குடும்பப்பேராக விழுந்திருக்கும். ஸ்கோபஸ் அதை மூன்று ஆளாகப் பிரித்து வைக்கும். ஸ்கோபஸில் ஆசிரியர் தேடலில் எல்லா வடிவத்தையும் போட்டுத் தேடி, சிதறிய பக்கங்களை ஒன்றாக்கச் சொல்லி விண்ணப்பியுங்கோ, காசு இல்லை. அவருக்கு ஓர்கிட் இலக்கம் (ஆய்வாளருக்கான தனி அடையாள எண்) இல்லையென்றால் முதலில் அதை எடுக்க வேணும். 16 இலக்கம், இலவசம்.

ஸ்கொலரில் பிழை மறுபக்கம் நடக்கும். அதே முதலெழுத்துள்ள வேறொருவரின் மருத்துவக் கட்டுரை தானாக வந்து ஒட்டிக்கொள்ளும். 31 தலைப்பையும் ஒவ்வொன்றாக வாசித்து, அவருடையது அல்லாததை நீக்கி, இரண்டு தரம் வந்ததை இணைக்கச் சொல்லுங்கோ. தானாகச் சேர்க்கும் அமைப்பை நிறுத்தி, கேட்டுவிட்டுச் சேர்க்கும்படி மாற்றச் சொல்லுங்கோ.

பலாலி வீதி:
மேலே சொன்னதோடு தன்மேற்கோளையும் கழியுங்கோ. நீங்கள் தந்த வரிசையில் ஐந்தாவது கட்டுரைக்கு 7 இருக்கிறதால் எச் 5. ஆறாவதுக்கு 5தான், அதனால் 6 ஆகாது. இப்ப ஐந்தாவதின் 7இல் 3உம், ஆறாவதின் 5இல் 2உம் அவரே தன்னை மேற்கோள் காட்டியவை என்று வைத்துக்கொள்ளுங்கோ. வரிசை 41, 22, 15, 9, 4, 3, 3, 1 ஆகும், எச் 4. ஐந்தே மேற்கோள் போக ஒரு படி இறங்குது. சின்ன எண்களில் எச்-சுட்டெண் இப்படித்தான் ஆடும். 2005இல் ஹிர்ஷ் என்ற இயற்பியலாளர் அதை முன்வைத்தது இயற்பியலாளர்களுக்கு. எட்டுக் கட்டுரை உள்ளவரை அதால் அளக்கிறது நியாயமில்லை.

இன்னொரு பொறி: துறைக்கு ஏற்பச் சீர்செய்த மேற்கோள் அளவு. 1.0 என்றால் உலகச் சராசரி. ஸ்கோபஸின் பாட வகைப்பாட்டில் குற்றவியலுக்குத் தனிப்பெட்டி கிடையாது. ஆய்விதழ்கள் சட்டம், சமூகவியல், சில வேளை தடய மருத்துவம் என்று பிரிந்து கிடக்கும். ஆகவே ஒரே தரமான இரண்டு கட்டுரைக்கு, இதழ் எந்தப் பெட்டியில் விழுந்தது என்பதைப் பொறுத்து வேறு எண் வரும். வெப் ஒவ் சயன்ஸ் என்ற இன்னொரு தரவுத்தளத்தில் ‘குற்றவியலும் தண்டனையியலும்’ என்று தனி வகையே உண்டு. ஒப்பிட வேணுமென்றால் அதை எடுங்கோ.

இதழின் இரண்டு வருடத் தாக்கக் காரணியை (முந்தைய இரண்டு வருடக் கட்டுரைகளுக்குச் சராசரியாகக் கிடைத்த மேற்கோள்) தயவுசெய்து போடாதேங்கோ. இந்தத் துறையில் கட்டுரை மெதுவாகத்தான் பேசப்படும். கோஹனும் ஃபெல்சனும் 1979இல் எழுதிய அன்றாடச் செயற்பாட்டுக் கட்டுரை (ஆட்களின் அன்றாட நடமாட்டம் குற்றத்துக்கு எப்படி இடம் கொடுக்குது என்பது பற்றியது) இன்றும் மேற்கோளாகிக்கொண்டிருக்கு, ஸ்கொலரில் பத்தாயிரத்தைத் தாண்டிவிட்டுது.

பரமேஸ்வராச் சந்தி:
நன்றி. இன்னொன்று. வாள்வெட்டுக் குழுக்கள் பற்றித் தமிழில் 6 கட்டுரை எழுதியிருக்கிறார், எல்லாம் உள்ளூர் இதழ்களில். ஒன்றுக்கும் ஸ்கொலரில் மேற்கோள் காட்டுதில்லை. ஆனால் மாணவர் ஆய்வேடுகளில் அவர் பேர் நிறைய வருது.

நூலக மேசை:
அந்தக் கோப்புகளைத் திறந்து ஒரு தமிழ்ச் சொல்லைப் பிரதிபண்ணி வேறிடத்தில் ஒட்டிப் பாருங்கோ. ஆங்கில எழுத்தும் அரைப்புள்ளியுமாய் வந்தால் அது பாமினி போன்ற பழைய எழுத்துரு. எழுத்துரு மட்டுந்தான் தமிழ், உள்ளே இருக்கிறது ஆங்கிலக் குறியீடு. தேடுபொறிக்கு அது வெறும் குப்பை. கட்டுரையும் தெரியாது, மாணவர் ஆய்வேட்டின் உசாத்துணைப் பட்டியலில் அவர் பேரும் தெரியாது. ஸ்கான் செய்த படமாக இருந்தாலும் இதே கதிதான்.

யூனிகோடுக்கு மாற்றி, ஒற்றும் கொம்பும் பிசகினதா என்று எழுத்தெழுத்தாய்ப் பாருங்கோ. கோப்பு 5 எம்பிக்குக் குறைய இருக்க வேணும். தலைப்பு முதற் பக்கத்தில் பெரிய எழுத்தில், அதன் கீழே ஆசிரியர் பேர். ஆங்கிலத் தலைப்பும் சுருக்கமும் சேர்த்துப் பல்கலைக்கழக மின்களஞ்சியத்தில் ஏற்றுங்கோ. ஏற்றிச் சில கிழமைக்குப் பிறகுதான் ஸ்கொலரில் வரும், ஆகவே கோவைக்குக் கடைசித் திகதி கிட்ட என்றால் இந்த எண்ணை நம்பியிருக்காதேங்கோ.

பலாலி வீதி:
அந்த ஆய்வேடுகளைக் கையால் எண்ணித் தனி அட்டவணையாகப் போடலாம், அதில் ஒரு குறையும் இல்லை. கோன், ஃபரிங்டன் என்ற இரண்டு ஆய்வாளர்கள் குற்றவியலில் அதிகம் மேற்கோளாகிறவர்களைக் கண்டுபிடிக்க ஆய்விதழ்களின் உசாத்துணைப் பட்டியலைத்தான் எண்ணினவை, தன்மேற்கோளைத் தள்ளிவிட்டு. எத்தனை தரம் பேர் வந்தது என்பதோடு, எத்தனை வெவ்வேறு கட்டுரைகளில் வந்தது என்பதையும் தனியாகப் பார்த்தவை. ஒரே ஆய்வேட்டில் 9 தரம் வாறதும் ஒன்பது ஆய்வேட்டில் ஒவ்வொரு தரம் வாறதும் ஒன்றல்ல. உங்கட அட்டவணையிலும் இரண்டு நிரல் வையுங்கோ. ஆய்வேட்டின் வருடம், துறை, பக்க எண்ணையும் எழுதுங்கோ. அவரே மேற்பார்வை செய்த ஆய்வேடுகளுக்கு நட்சத்திரக் குறி இடுங்கோ, மதிப்பீட்டாளர் முதலில் அதைத்தான் தேடுவார்.