சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத ஜீப்: ஏமாற்றா, நம் தப்பா?

ஊரணிக்கரை:
போன வாரம் கானாடுகாத்தானில் ஆயா வீட்டுக்குப் போயிருந்தேன். முந்தின நாள் மழை, கண்மாய்க்கரை முழுக்கச் செம்மண் சேறு. என் பழைய ஜீப்பில் ஃபோர் ஹை (நான்கு சக்கரமும் இழுக்கும் கியர்) போட்டு ஏறிவிட்டேன். அப்படியே ஊருக்குள் வந்தேன்; தார் ரோடு நன்றாகக் காய்ந்திருந்தது. பின்கட்டு வாசலுக்குத் திருப்பினால், பிரேக் பிடித்த மாதிரி வண்டி இழுக்கிறது, ஸ்டியரிங் கனக்கிறது, முன் டயர் கிறீச்சிடுகிறது. டூ வீலுக்கு மாற்றப் பார்த்தால் லிவர் அசையவே இல்லை. மெக்கானிக் கேட்டுவிட்டு, "முன் பின் சக்கரங்களை வெவ்வேறு வேகத்தில் சுற்றவிடுகிற சென்டர் டிஃபரன்ஷியல் இல்லாத வண்டி, அப்படித்தான்" என்கிறார். இத்தனை விலை வாங்குகிறவர்கள் அந்த ஒன்றை வைக்காமல் விடுவது ஏமாற்று இல்லையா?

மண்பாதை:
ஏமாற்றெல்லாம் இல்லை அண்ணே, போட்ட இடம்தான் தப்பு. ஃபோர் வீல் போட்டால், சுழற்சியை முன்னுக்கும் பின்னுக்கும் பிரிக்கிற டிரான்ஸ்ஃபர் கேஸ் முன் ஷாஃப்டையும் பின் ஷாஃப்டையும் பூட்டிவிடும். இரண்டும் ஒரே வேகத்தில்தான் சுற்றும். ஆனால் திருப்பத்தில் முன் சக்கரங்கள் பெரிய வட்டம் போடுகின்றன. அச்சுகளுக்கு நடுவே 2.5 மீட்டர், பின் அச்சின் மையம் 5 மீட்டர் ஆரத்தில் திரும்புகிறது என்று வையுங்கள். கால் வட்டம் திரும்பி முடிப்பதற்குள் பின் அச்சு 7.85 மீட்டர் போகும், முன் அச்சு 8.78 மீட்டர் போக வேண்டும். இரண்டு முழம் வித்தியாசம்! சேற்றில் டயர் வழுக்கி அதைச் சரிக்கட்டிவிடும். காய்ந்த தாரில் வழுக்க முடியாமல் ஷாஃப்டும் கியரும் முறுக்கேறி நிற்கும். லிவர் சிக்கியது அதனால்தான். வந்த வழியே கொஞ்சம் ரிவர்ஸ் எடுங்கள், விட்டுவிடும்.

கானாடு:
அந்த இரண்டு முழத்துக்காகத்தானே சென்டர் டிஃபரன்ஷியலே! கியர்பாக்ஸிலிருந்து வரும் சுழற்சி முதலில் ஒரு கூட்டைச் சுற்றும். கூட்டுக்குள் சின்னப் பல்சக்கரங்கள். அவற்றின் ஒரு பக்கம் முன் ஷாஃப்ட், மறு பக்கம் பின் ஷாஃப்ட். நேராகப் போகும்போது சின்னச் சக்கரங்கள் தம் அச்சில் சுற்றாமல் கூட்டோடு போகும். திரும்பும்போது அவை உருண்டு, பின்னால் குறைகிற சுற்றை முன்னால் கூட்டிக்கொடுக்கும். மாட்டுவண்டியில்கூட இரண்டு சக்கரமும் தனித்தனியாகத்தான் சுற்றுகின்றன. கட்டை வண்டிக்கு இருக்கிற சுதந்திரம் ஜீப்புக்கு வேண்டாமா?

மண்பாதை:
சுதந்திரம்தான் வினை. திறந்த டிஃபரன்ஷியல் இரண்டு பக்கமும் ஒரே அளவு திருப்புவிசைதான் தரும். கண்மாய்ச் சகதியில் ஒரே ஒரு சக்கரம் பிடி இழந்தால் அது மட்டும் சும்மா சுற்றும், மற்ற மூன்றும் வேடிக்கை பார்க்கும். அதைத் தடுக்க டிஃபரன்ஷியலைப் பூட்டுகிற லாக் வேண்டும். லாக் போட்டதும் உங்கள் வண்டியும் என் வண்டி மாதிரி ஆகிவிடும்!

கானாடு:
ஆகட்டுமே, வேண்டாதபோது எடுத்துவிடலாமே. 1970இல் வந்த ரேஞ்ச் ரோவரும் 1977இல் வந்த லாடா நிவாவும் அப்படித்தான்: எப்போதும் நான்கு சக்கரமும் இழுக்கும், நடுவில் லாக். டோர்சன் வகை என்றால் லிவர்கூட வேண்டாம், பிடி உள்ள பக்கத்துக்குத் தானே கூடுதல் விசை தள்ளும். ஐப்பசி மழையில் திருமயம் ரோடு பாதி ஈரம், பாதி காய்ந்தது. அங்கே நீங்கள் பின் சக்கரம் இரண்டை மட்டும் நம்பித்தான் போக வேண்டும்.

மண்பாதை:
சரி, ஈரத் தார் விஷயத்தில் வாதம் உங்களுடையது. ஆனாலும் எடை, விலை, ரிப்பேர் எல்லாம் கூடும். மஹிந்திரா தாரும் மாருதி ஜிம்னியும் இன்னும் பார்ட் டைமாகவே, வேண்டும்போது மட்டும் லிவரால் ஃபோர் வீல் போடுகிற வகையாகவே, வருகின்றன. எங்கள் பக்கம் நாலு சக்கர இழுவை வருஷத்தில் பத்து நாள் தேவைப்பட்டால் அதிகம். அதற்கு எனக்கு லிவர் போதும்.

ஊரணிக்கரை:
ரிவர்ஸ் எடுத்தேன். அடியில் 'டக்' என்று ஒரு சத்தம், லிவர் வழுக்கிக்கொண்டு வந்தது. நன்றி தம்பி. ஆனால் ஒன்று: கரையிலிருந்து ஊர் வரும் நேர் ரோட்டிலேயே வண்டி கொஞ்சம் இறுக்கமாகத்தான் வந்தது. பின் டயர் இரண்டும் போன மாதம் மாற்றினேன், முன்னால் பழசு.

மண்பாதை:
எவ்வளவு பழசு?

ஊரணிக்கரை:
மொட்டை.

கானாடு:
இதை முதலிலேயே சொல்லக் கூடாதா! மொட்டை டயரின் சுற்றளவு குறைவு. ஷாஃப்ட் பூட்டியிருந்தால் நேர் ரோட்டிலேயே முறுக்கு சேர ஆரம்பித்துவிடும்.

மண்பாதை:
முன்னால் இரண்டையும் பின்னால் போட்ட அதே அளவில் மாற்றுங்கள் அண்ணே. அதுவரை கண்மாய்ப் பக்கம் போக வேண்டாம், ஆயாவிடம் நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.