வெள்ளிக்குள் ஒரு சொல் வேண்டும்: சிமுலேஷன் பயிற்சி

அனுப்புநர்: செவிலியர் கல்லூரி ஆசிரியை, கரூர்

அனைவருக்கும் வணக்கம். எம்.பி.பி.எஸ்., நர்சிங், பார்மசி மாணவர்களை ஒரே அறையில் வைத்து சிமுலேஷன் பயிற்சி நடத்துகிறோம். கட்டிலில் ஒரு பொம்மை. பிரசவம் முடிந்தது, ரத்தப்போக்கு நிற்கவில்லை. கண்ணாடிக்குப் பின்னால் உட்கார்ந்திருக்கும் ஆசிரியர் பொம்மையின் ரத்த அழுத்தத்தை இறக்கிக்கொண்டே வருவார். போன முறை நர்சிங் மாணவி ஒருத்தி "பி.பி. எண்பதுக்கு ஐம்பது சார்" என்று இருமுறை சொன்னாள், ஒருவரும் திரும்பவில்லை. மருத்துவ மாணவர் "ஆக்சிடோசின் போடுங்க" என்று பொத்தாம்பொதுவாகச் சொல்ல, இரண்டு பேர் ஊசியை எடுத்தார்கள். பெயர் சொல்லிக் கேட்க வேண்டும், கேட்டவர் அளவைத் திருப்பிச் சொல்ல வேண்டும் என்பதெல்லாம் அப்புறம் உட்கார்ந்து பேசும்போதுதான் புரிகிறது. அந்தப் பேச்சுக்குத்தான் அதிக நேரம்.

தமிழ்க் கையேடு வெள்ளிக்கிழமை அச்சுக்குப் போகிறது. இந்தப் பயிற்சிக்கு ஒரு பெயர் வேண்டும். பல தொழில் மாணவர்கள் சேர்ந்து கற்பதும் அதில் தெரிய வேண்டும்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

கணினித் துறையில் 'உருவகப்படுத்துதல்' புழங்குகிறது. நீளமாகத் தோன்றினால் 'பாவனைப் பயிற்சி'. சேர்ந்து கற்பதற்குப் 'பல்துறை'. முடிந்தது வேலை.

அனுப்புநர்: மருத்துவர், யாழ்ப்பாணம்

முடியவில்லை. எங்களிடம் பாவனை என்றால் பயன்பாடு. 'பாவனைக்கு உதவாத மருந்து' என்று பெட்டியில் எழுதி ஒதுக்கி வைப்போம். 'பாவனைப் பயிற்சி' என்றால் கருவியைப் பாவிக்கப் பழக்குகிறார்கள் என்றுதான் எங்கள் தாதியர் நினைப்பார்கள். (உங்களுக்குச் செவிலியர், எங்களுக்குத் தாதியர். அந்தச் சண்டையை இன்னொரு நாள் வைத்துக்கொள்வோம்.)

இன்னொன்று. மானிப்பாயில் கிறீன் வைத்தியர் 19ஆம் நூற்றாண்டிலேயே மேலை மருத்துவத்தைத் தமிழில் படிப்பித்தவர். அவரே கெமிஸ்ட்ரியை (வேதியியலை) 'கெமிஸ்தம்' என்று எழுதி விட்டார். சிமுலேஷனை அப்படியே விட்டால் என்ன குறைந்துவிடும்?

அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை

அன்பர்களே, 'வடசொற் கிளவி வடவெழுத்து ஒரீஇ' (வடசொல் வடவெழுத்தை விட்டுவிட்டு வரலாம்) என்ற தொல்காப்பியர் வாசலைத் திறந்துதான் வைத்தார். அதற்காக வந்தவர்களெல்லாம் செருப்போடு நுழையலாமா?

உருவகம் சரியா என்று பார்ப்போம். 'தாமரை போன்ற முகம்' உவமை, 'முகத்தாமரை' உருவகம். பொம்மையை 'நோயாளி மாதிரி' என்று மாணவர் நினைக்கும் வரை அது உவமை. பொம்மை என்பதே மறந்து கை நடுங்கினால்தான் உருவகம். ஆக, அது பயிற்சியின் பெயரல்ல, பயிற்சி பலித்ததன் அடையாளம்! 'போலிப் பயிற்சி' என்று யாரும் சொல்லிவிடாதீர்கள். இலக்கணத்தில் முதற்போலி, கடைப்போலி கௌரவமானவை. ஊரில் போலி டாக்டர்தான் நினைவுக்கு வருவார்.

கூடிச் செய்வதற்கு வள்ளுவரிடமே சொல் இருக்கிறது: 'உற்றவன் தீர்ப்பான் மருந்துஉழைச் செல்வானென்று அப்பால்நாற் கூற்றே மருந்து' (950). நோயாளி, மருத்துவர், மருந்து, உடனிருந்து பார்ப்பவர் நால்வரும் சேர்ந்ததே மருத்துவம். 'உழை' பக்கத்தைக் குறிக்கும். நன்னூல் ஏழாம் வேற்றுமை உருபுகளில் அதையும் வைக்கிறது. சிலம்பில் 'உழையர்' உண்டு. எனவே 'உழைமைப் பயிற்சி'.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

> எனவே 'உழைமைப் பயிற்சி'

ஐயா, குறள் பொருத்தம், மறுக்கவில்லை. ஆனால் வார்டு பாய் அதை 'உழைப்புப் பயிற்சி' என்று படிப்பார். ஏற்கெனவே இரட்டை ஷிப்ட் பார்ப்பவரிடம் இதைக் கொடுக்கவா?

அனுப்புநர்: விமானப் பராமரிப்பு, சிங்கப்பூர்

இது எங்கள் பக்கத்துச் சரக்கு. 1977இல் ஸ்பெயினின் டெனரீப் தீவு ஓடுபாதையில் இரண்டு ஜம்போ விமானங்கள் மோதி 583 பேர் இறந்தார்கள். கேப்டன் புறப்படும் அவசரத்தில் இருந்தார். மற்ற விமானம் இன்னும் ஓடுபாதையை விட்டு விலகவில்லையோ என்ற பொறியாளரின் சந்தேகம் எடுபடவில்லை. 1979இல் நாசா கூட்டிய பட்டறைக்குப் பிறகு விமானக் குழுக்களுக்குச் சேர்ந்து இயங்கும் பயிற்சி வந்தது. ஸ்டான்போர்டில் மயக்க மருத்துவர் டேவிட் காபா அதை அறுவை அரங்குக்குக் கொண்டுபோனார். கரூர் மாணவிக்கு நடந்ததும் அதேதான்.

என் ஓட்டு 'வெள்ளோட்டம்'. தேரோட்டத்துக்கு முன் செய்வதுதானே?

அனுப்புநர்: செவிலியர் கல்லூரி ஆசிரியை, கரூர்

வெள்ளோட்டத்தில் சோதிப்பது தேரை. புது ஆபரேஷன் தியேட்டரைத் திறப்பதற்கு முன் அங்கேயே பொம்மையை வைத்து, ஆக்சிஜன் குழாய் எட்டுகிறதா, ரத்தப் பை எவ்வளவு நேரத்தில் வருகிறது என்று பார்ப்போமே, அதற்கு அச்சாகப் பொருந்தும். எடுத்துக்கொண்டேன். மாணவர் பயிற்சிக்கு வேறு வேண்டும்.

'பல்துறை'யும் போதாது. ஒருவரோடு ஒருவர், ஒருவரிடமிருந்து ஒருவர், ஒருவரைப் பற்றி ஒருவர் கற்பது என்று உலக சுகாதார நிறுவனத்தின் 2010 அறிக்கை சொல்கிறது. நான்கு துறைக்காரர்கள் ஒரே பெஞ்சில் உட்கார்ந்து ஒரே விரிவுரையைக் கேட்டாலும் பல்துறைதான்.

அனுப்புநர்: மொழிபெயர்ப்பாளர், சென்னை

'கூட்டொத்திகை'?

அனுப்புநர்: மருத்துவர், யாழ்ப்பாணம்

கேட்டவுடன் விளங்குகிறது. எனக்குச் சரி.

அனுப்புநர்: விமானப் பராமரிப்பு, சிங்கப்பூர்

கூட்டு என்றதும் எனக்குப் பூசணிக்காய்தான் வருகிறது. ஆனாலும் சரி.

அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை

எனக்குச் சரியில்லை. ஒத்திகை பார்ப்பவனுக்கு வசனம் தெரியும், முடிவு தெரியும். இங்கே அடுத்த நிமிடம் பொம்மைக்கு என்ன ஆகும் என்பது கண்ணாடிக்குப் பின்னால் இருப்பவருக்கு மட்டுமே தெரியும். தெரியாததைத் தெரிந்தது போல் பெயரிடுகிறீர்கள்.

அனுப்புநர்: செவிலியர் கல்லூரி ஆசிரியை, கரூர்

ஐயா சொல்வது நியாயம். தீயணைப்பு ஒத்திகை என்கிறோமே, அதில் நெருப்பு எந்தப் பக்கம் என்று முன்கூட்டியே சொல்வதில்லை என்று சமாதானம் செய்துகொண்டேன். அச்சகத்தார் இரண்டு முறை கூப்பிட்டுவிட்டார். 'கூட்டொத்திகை' போகிறது; முதல் பக்கத்தில் மட்டும் பக்கத்திலேயே 'சிமுலேஷன்'. அடுத்து, முடிந்தபின் உட்கார்ந்து பேசும் டீபிரீஃபிங்குக்கு என்ன போடலாம்? 'பின்னாய்வு' என்றால் பிரேதப் பரிசோதனை மாதிரி இருக்கிறது என்கிறார் எங்கள் முதல்வர்.

அனுப்புநர்: தமிழ்ப் பேராசிரியர் (ஓய்வு), மதுரை

என் மறுப்பு மறுப்பாகவே இருக்கட்டும். டீபிரீஃபிங்குக்கு 'உசாவல்'. உசாவுதல் என்றால் கேட்டுக் கலந்து பேசுதல். உசாத்துணை என்ற சொல்லிலிருந்து தொடங்குகிறேன், மடல் நீளும்.