டான், சான், சின்: ஒரே குடும்பப் பெயர், நம் அனுபவங்கள்

கிள்ளான்வாசி:

எங்கள் வீட்டுக்கு இடப்பக்கம் டான் குடும்பம், வலப்பக்கம் சான் குடும்பம். பதினெட்டு வருஷமாக இரண்டும் வேறு வேறு பெயர் என்றுதான் நினைத்திருந்தேன். போன சீனப் பெருநாளுக்கு டான் அங்கிள் வீட்டில் ஆரஞ்சு உரித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தபோது பேச்சுவாக்கில், "நானும் அவரும் ஒரே எழுத்துதான்" என்றார். எனக்குப் புரியவில்லை. என் உள்ளங்கையைப் பிடித்து விரலால் எழுதிக் காட்டினார். இடது பக்கம் காது மாதிரி ஒரு குறி, வலது பக்கம் 'கிழக்கு' என்ற எழுத்து. மாண்டரினில் அதைச் 'சென்' என்று படிக்க வேண்டும். கிட்டத்தட்ட அதே ஒலியில் வேறு பெயர்களும் இருப்பதால், "காது, கிழக்கு, சென்" என்று எழுத்தைப் பிரித்துச் சொல்லித்தான் தங்களை அறிமுகப்படுத்திக்கொள்வார்களாம்.

தென்சீன வட்டார மொழிகளில் இதையே ஹொக்கியன்காரரும் தியோச்சூகாரரும் டான் என்கிறார்கள், கண்டனீஸ் பேசுகிறவர்கள் சான், ஹக்கா மக்கள் சின். வெள்ளைக்காரன் காலத்தில் பதிவு செய்த கிராணி காதில் என்ன விழுந்ததோ அதை ரோமன் எழுத்தில் எழுதி வைத்தார், அதுவே ஐசி (அடையாள அட்டை) வரைக்கும் வந்துவிட்டது.

அப்புறம் வாசல் நிலைக்கு மேலே இருந்த பலகையைக் காட்டினார். தங்க நிறத்தில் இரண்டு எழுத்து. ஏதோ சாமி பெயர் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். அது 'யிங்சுவான்', சீனாவின் ஹெனான் பகுதியில் இருந்த ஒரு பழைய மாவட்டம். சென் வம்சம் அங்கேதான் பெரிதாகத் தழைத்ததாம், அதனால் உலகத்தில் எங்கே போனாலும் அந்தப் பெயரை வாசலில் வைக்கிறார்கள். பினாங்கில் இருக்கும் டான் கொங்சியின் (குலச் சங்கத்தின்) பெயர் 'எங் சுவான் தோங்'. அதுவும் இதே யிங்சுவான்தான், ஹொக்கியன் உச்சரிப்பில்.

ஆனால் பெயர் பிறந்தது அதற்கும் ரொம்ப முன்னால். கி.மு. 11ஆம் நூற்றாண்டில் ஷாங் அரசைக் கவிழ்த்த சவ் மன்னர் வூ, பழங்காலத்து ஷுன் அரசரின் வழிவந்தவர் ஒருவரைத் தேடிப்பிடித்து, தன் மகளையும் கட்டிக்கொடுத்து ஒரு நிலப்பகுதியையும் கொடுத்தார். அந்த நிலம்தான் சென் நாடு, இன்றைய ஹெனானில் ஹுவாய்யாங். அந்த மனிதரை ஹு கோமகன் என்கிறார்கள். கி.மு. 5ஆம் நூற்றாண்டில் சூ நாடு படையெடுத்து அதை விழுங்கிவிட்டது. நாடு போனதும் அங்கே இருந்தவர்கள் நாட்டின் பெயரையே குடும்பப் பெயராக வைத்துக்கொண்டார்கள். டான் அங்கிள் இதை ஏதோ தன் பெரியப்பா வீட்டுச் சொத்து போன கதை மாதிரி அவ்வளவு வருத்தத்தோடு சொன்னார். எனக்கு உடம்பு சிலிர்த்துவிட்டது. உங்களுக்கு இப்படி ஏதாவது அனுபவம் இருந்தால் எழுதுங்கள்.

ரயில்பயணி:

நான் தினமும் கோலாலம்பூரில் சான் சவ் லின் நிலையத்தில் ரயில் மாறுகிறவன். அந்தச் 'சான்' இதே எழுத்துதான் அண்ணே. பெட்டாலிங் ஸ்திரீட்டில் 'சான் ஷீ ஷூ யூன்' என்ற பச்சை ஓட்டுக் குலச் சங்கக் கட்டடம் இருக்கிறதே, அதைத் தொடங்கியவர்களில் அந்தச் சான் சவ் லின் என்பவரும் ஒருவர். 1896இல் சங்கம், 1906இல் கட்டடம். ஒருநாள் மழைக்கு ஒதுங்கப் போய் உள்ளே முன்னோர் பலகைகளைப் பார்த்தேன். காவலுக்கு இருந்த பெரியவர், சீனாவில் எந்த ஊர்க்காரராக இருந்தாலும் இந்த எழுத்து இருந்தால் போதும், உறவுதான் என்றார். அவர் காலத்தில் டானும் சானும் கல்யாணம் பண்ணிக்கொள்ள மாட்டார்களாம். நம் ஊர்ப் பங்காளி முறை மாதிரியே இருக்கிறது.

சிங்கை மணியன்:

சிங்கப்பூர் ஆற்றோரம் மேகசின் ரோட்டில் டான்களின் கோயில் ஒன்று உண்டு, போ சியாக் கெங். 1870களில் டான் கிம் சிங்கும் டான் பெங் சுவீயும் கட்டியது. டான் டோக் செங் ஆஸ்பத்திரி எல்லாருக்கும் தெரியும், அவருடைய மகன்தான் இந்தக் கிம் சிங். கோயிலில் இருக்கும் சாமி ஒரு காலத்தில் மனிதர். சென் யுவான்குவாங், தாங் அரசின் படைத்தலைவர், 7ஆம் நூற்றாண்டில் தெற்கே ஃபூஜியானுக்கு வந்து சாங்சோவ் பகுதியை உருவாக்கியவர். வடக்கே ஹெனானில் பிறந்த பெயர் தெற்குக் கடற்கரைக்கு எப்படி வந்தது என்பதற்கு அவரைத்தான் காட்டுகிறார்கள். அங்கிருந்து கப்பலேறி நம்மிடம் வந்துவிட்டது. இன்றைக்குச் சிங்கப்பூர்ச் சீனர்களிடையே டான்தான் முதலிடம்.

என் கூட வேலை செய்த டான் அக்கா ஒன்று சொன்னார், இன்னும் மறக்கவில்லை. கி.மு. 672இல் சென் நாட்டு இளவரசர் ஒருவர் உயிருக்குப் பயந்து சி நாட்டுக்கு ஓடினார். அவருடைய சந்ததி அங்கே 'தியென்' என்ற பெயரில் வளர்ந்து, கி.மு. 386இல் அந்த நாட்டு அரியணையையே பிடித்துவிட்டது. சென் எப்படித் தியென் ஆகும்? பழைய சீனத்தில் இரண்டுக்கும் ஏறக்குறைய ஒரே ஒலியாம். 18ஆம் நூற்றாண்டில் சியென் தாஷின் என்ற அறிஞர் இதை எடுத்துக் காட்டியிருக்கிறார். வடக்கே அந்த முதல் ஒலி மாறிச் 'ச' பக்கம் போய்விட்டது, ஹொக்கியனிலும் தியோச்சூவிலும் அப்படி ஆகவில்லை. அதாவது நம் பக்கத்து வீட்டு டான் வாயில் இருப்பது பெய்ஜிங்கில் சொல்கிற 'சென்' என்பதைவிடப் பழையது. இது எனக்கு ரொம்பப் பெரிய விஷயமாகப் பட்டது.

தோட்டத்துப் பேத்தி:

எழுதலாமா வேண்டாமா என்று இரண்டு நாள் யோசித்தேன். என் அம்மாவின் அம்மா சீனப் பிள்ளை. ஈப்போ பக்கம் ஒரு தோட்டத்தில் 1938இல் பிறந்த பெண் குழந்தை. புலி ஆண்டு, பெண் பிள்ளைக்கு ஆகாது என்ற நம்பிக்கை, அதோடு வறுமை. லயத்தில் இருந்த எங்கள் கொள்ளுத்தாத்தா கொள்ளுப்பாட்டி வாங்கி வளர்த்தார்கள். அந்தக் காலத்தில் இப்படித் தமிழ் வீடுகளுக்கு வந்த சீனப் பிள்ளைகள் நிறைய. பாட்டி புடவை கட்டி, திருநீறு பூசி, மாரியம்மன் திருவிழாவில் தீச்சட்டி எடுத்தவர். தமிழைத் தவிர வேறு பேச்சே தெரியாது.

அவர் தவறிய பிறகு டிரங்குப் பெட்டியில் மடித்து வைத்த ஒரு சிவப்புத் தாள் கிடைத்தது. பிறந்த நேரத்தைச் சீனத்தில் எழுதிக் குழந்தையோடு கொடுத்திருக்கிறார்கள். டவுனில் சீன மருந்துக் கடைத் தவுக்கேயிடம் கொண்டுபோனேன். கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தார், அப்புறம் ஓர் எழுத்தின் மேல் விரலை வைத்து "டான்" என்றார். இடது பக்கம் காது, நீங்கள் சொன்ன அதே எழுத்து.

அவ்வளவு நாளும் பாட்டி டான் வீட்டுப் பிள்ளை என்றே எல்லாரிடமும் சொல்லிவந்தேன். இந்தத் திரியைப் படித்த பிறகுதான் உறைக்கிறது, அந்தத் தவுக்கே ஹொக்கியன்காரர், அவர் வாயில் டான் என்றுதான் வரும். ஈப்போ பக்கம் கண்டனீஸும் ஹக்காவும்தானே அதிகம்? பாட்டியைப் பெற்றவர்கள் சான் என்று சொல்லியிருப்பார்களா, சின் என்றா? எழுத்தில் அது இல்லை. தாளைப் பாட்டி படத்துக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறோம்.

கிள்ளான்வாசி:

தங்கச்சி, உங்கள் பதிவை டான் அங்கிளுக்கு வாசித்துச் சொன்னேன். சட்டென்று ஒன்றும் பேசவில்லை. பிறகு, முன்னோரை வணங்கும் செங் பெங் நாள் வரும்போது தங்கள் வீட்டு முன்னோர் பலகை முன்னால் அந்தப் பாட்டிக்கும் ஓர் ஊதுபத்தி வைக்கலாமா என்று உங்களிடம் கேட்கச் சொன்னார். என்ன சொல்லட்டும்?