ஏற்காட்டுக்கு 5 வாட் ரிக்: பைக்கில் எடுத்துப் போக எந்த ஆன்டெனா?

சேர்வராயன்வண்டி:
வணக்கம் ஓஎம்களே (ஹாம் நண்பர்களே). ஹாம் ரேடியோ லைசென்ஸ் வாங்கி ஒரு வருடம்தான் ஆகிறது. கையில் இருக்கும் ரிக் (ரேடியோ) பழைய எஃப்டி-817, அதிகபட்சம் 5 வாட். ஞாயிறு காலையில் சேலத்திலிருந்து பைக்கில் ஏற்காடு ஏறி, மதியம் வரை 40 மீட்டர் பேண்டில் (7 மெகாஹெர்ட்ஸ்) பேசிவிட்டு, முடிந்தால் 20 மீட்டரையும் தொட்டுவிட்டு இறங்கிவிட வேண்டும், அவ்வளவுதான் ஆசை. பேட்டரி, சாப்பாடு எல்லாம் சேர்த்து ஒரே பை. போன மாதம் அடியில் காயில் வைத்த ஒன்றரை மீட்டர் விப் (குச்சி ஆன்டெனா) ஒன்று வாங்கினேன். எஸ்டபிள்யூஆர் (ஆன்டெனா ரிக்கோடு எவ்வளவு பொருந்துகிறது என்ற அளவு, 1.0 சிறந்தது) 1.3, எல்லோர் பேச்சும் எனக்கு நன்றாகக் கேட்கிறது, ஆனால் எனக்குப் பதில் வருவதில்லை, கூப்பிட்டுக் கூப்பிட்டுத் தொண்டை வறண்டதுதான் மிச்சம். எண்ட்ஃபெட் (ஒரு முனையில் இணைக்கும் ஒயர்), லிங்க்டு டைபோல் (நடுவில் இணைக்கும், நீளம் மாற்றக்கூடிய ஒயர்), மேக்னெடிக் லூப் (வளைய ஆன்டெனா) என்று ஆளுக்கொன்று சொல்கிறார்கள். எதை எடுப்பது?

பழையசால்டர்:
ரிக்கில் கோளாறு இல்லை. 1.3 என்பதை நம்பித்தான் நிறையப் பேர் ஏமாறுகிறார்கள், டம்மி லோடு (சக்தியை வெறும் சூடாக விழுங்கும் ரெசிஸ்டர்) மாட்டினால் 1.0 காட்டும், அதற்காக அது ஆன்டெனா ஆகிவிடுமா? 40 மீட்டரில் கால் அலை என்றாலே 10 மீட்டர் நீளம். அதை ஒன்றரை மீட்டரில் அடக்கினால் உங்கள் 5 வாட்டில் பெரும்பகுதி காயிலையும் தரையையும் சூடாக்கத்தான் போகும், காற்றில் ஏறுவது கால் வாட் இருந்தால் அதிகம். பிறகு ஏன் நன்றாகக் கேட்கிறது என்றால், 7 மெகாஹெர்ட்ஸில் வானத்து இரைச்சலே அதிகம், மட்டமான ஆன்டெனா சிக்னலையும் இரைச்சலையும் ஒரே அளவில் குறைப்பதால் காதுக்கு வித்தியாசம் தெரியாது. 100 வாட்காரரைவிட நீங்கள் ஏற்கெனவே 13 டெசிபல், அதாவது இருபது மடங்கு, கீழே. மிச்சத்தையும் விப்பில் தொலைக்காதீர்கள். லூப் வேண்டாம், கொஞ்சம் நகர்ந்தாலும் மறுபடி ட்யூன் செய்ய வேண்டும், சுமையும்கூட.

காப்பிக்காடு:
எண்ட்ஃபெட் ஹாஃப்வேவ், யோசிக்கவே வேண்டாம். 20 மீட்டர் ஒயர், அதை ரிக்குக்குப் பொருத்த ஒரு 49:1 டிரான்ஸ்ஃபார்மர். எஃப்டி140-43 ஃபெரைட் வளையக் கோரில் 2 சுற்றுக்கு 14 சுற்று, இன்புட் பக்கம் 100 பிகோஃபாரட் கெப்பாசிட்டர், 5 வாட்டுக்கு அது தாராளம். 40, 20, 15, 10 நான்கும் ட்யூனர் இல்லாமலே கிட்டத்தட்ட ஒத்துவரும். ஏற்காட்டில் எஸ்டேட் ஓரமெல்லாம் சில்வர் ஓக் நிற்கிறது, எஸ்டேட்காரரிடம் ஒரு வார்த்தை கேட்டுவிட்டு, தண்ணீர் பாட்டிலைக் கயிற்றில் கட்டி ஒரு கிளைமேல் வீசினால் ஐந்து நிமிடத்தில் வேலை முடிந்தது. கரண்ட் கம்பி பக்கம் மட்டும் வீசாதீர்கள். கோஆக்ஸின் (ரிக்கிலிருந்து ஆன்டெனாவுக்குப் போகும் கேபிள்) ஷீல்டே கவுன்டர்பாய்ஸ் (ஆன்டெனாவின் மறுபாதி) ஆகிவிடும் என்பதால் ரிக் பக்கம் ஒரு சோக் (ஷீல்டில் வரும் ஆர்எஃப் கரண்டைத் தடுப்பது) போடுங்கள், இல்லையென்றால் மைக் உதட்டில் பட்டால் சுள்ளென்று கடிக்கும்.

தூண்டில்கம்பு:
காப்பிக்காடு சொல்வது மரம் இருக்கும் இடத்துக்குச் சரி. சேர்வராயன் கோயில் மேட்டுக்குப் போனால் எந்தக் கிளையில் வீசுவார்? நான் 6 மீட்டர் தூண்டில் கம்பு ஒன்றும் லிங்க்டு டைபோலும்தான் வைத்திருக்கிறேன். கம்பத்தைக் கல்லோடு சேர்த்துக் கட்டி, நடுவை மேலே ஏற்றி, இரண்டு பக்கமும் சாய்த்து இறக்கினால் இன்வெர்டட் வீ. பக்கத்துக்கு 5 மீட்டரில் ஒரு இணைப்பு, அதைக் கழற்றினால் 20, மாட்டினால் பக்கத்துக்கு 10 மீட்டராகி 40. 143ஐ மெகாஹெர்ட்ஸால் வகுத்தால் இரண்டு பக்கமும் சேர்த்த மொத்த நீளம் மீட்டரில் வரும், ஒரு சாண் கூட விட்டு வெட்டி, ஏற்றிப் பார்த்துவிட்டு நறுக்குங்கள். டிரான்ஸ்ஃபார்மர் இழப்பு இல்லை. உயரம் 6 மீட்டர்தானே என்று கவலை வேண்டாம், 40இல் பகலில் நமக்கு வேண்டியது தமிழ்நாடு, கேரளா, கர்நாடகா. தாழ்வாக இருந்தால் சிக்னல் நேராக மேலே போய்த் திரும்பி விழும், அதுதான் பக்கத்து ஊர்களுக்கு நல்லது. பேண்ட் மாற்ற ஒவ்வொரு முறையும் கம்பை இறக்க வேண்டும், அந்தச் சலிப்பு உண்டு. கோஆக்ஸ் 8 மீட்டர் ஆர்ஜி-174 போதும், 40இல் ஒரு டெசிபல்கூடப் போகாது.

சேர்வராயன்வண்டி:
நன்றி. எனக்கு இணைப்பு மாற்றுவதில் சலிப்பு இல்லை, ஒயரை மரத்தில் சிக்கவிட்டு அறுப்பதில்தான் பயம். டைபோலை முதலில் செய்கிறேன், எண்ட்ஃபெட்டை மழைக்காலத்தில் உட்கார்ந்து சுற்றுகிறேன். கம்பு வாங்கும்போது எதைப் பார்க்க வேண்டும்? கடையில் கார்பன் கம்புதான் லேசாக இருக்கிறது.

தூண்டில்கம்பு:
கார்பன் வேண்டவே வேண்டாம், அது மின்சாரம் கடத்தும், ஒயரை ஒட்டி நின்றால் ட்யூனே கெட்டுப்போகும். ஃபைபர் கிளாஸ்தான். நுனித் துண்டு இரண்டையும் கழற்றி எறிந்துவிடுங்கள், கோஆக்ஸ் கனத்துக்கு அது வளைந்து தொங்கும். அப்புறம், மதியத்துக்கு மேல் மேகம் கறுத்தால் லாக் எழுதிக்கொண்டு உட்காராமல் கம்பை இறக்கிவிடுங்கள். 73 (வாழ்த்துகள்).